குடும்ப மருத்துவம் முடித்தால் கைக்கு என்ன வரும்?

எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு படிக்கும் மேற்படிப்பான டிஎன்பியின் ரிசல்ட் வரும் சமயத்தில் ஜூனியர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்: "அக்கா, ஸ்டார்ட்டிங் எவ்வளவு கேட்கலாம்?" ரேடியாலஜி முடித்தவரோ மயக்க மருந்து முடித்தவரோ இப்படிக் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு ரேட் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். குடும்ப மருத்துவத்துக்கு அப்படி ஒரு ரேட் இல்லை. வேலை கொடுப்பவருக்கே நாம் யார் என்று சரியாகத் தெரியாததுதான் காரணம்.

நான் எம்பிபிஎஸ் முடித்து, மூன்று வருடம் டிஎன்பி குடும்ப மருத்துவம் படித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தாராபுரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். கீழே சொல்லும் தொகைகள் எல்லாம் நான் பார்த்தவை, வாங்கியவை. சென்னையில் வேறு மாதிரி இருக்கும், ராமநாதபுரத்தில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை எங்கும் ஒன்றுதான்.

முதலில் பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். டிஎன்பியில் மெடிசின், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி, அவசர சிகிச்சை, தோல், மனநலம் என்று துறை துறையாகச் சுற்றுகிறோம். தேசியத் தேர்வு வாரியம் சொல்லும் குறைந்தபட்ச உதவித்தொகை முதல் வருடம் 35,000, அடுத்து 37,000, அடுத்து 39,000. இது போக எம்.டி. குடும்ப மருத்துவம் உண்டு. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி அதில் முன்னோடி. வாரியத்தின் இரண்டு வருட டிப்ளமா உண்டு. வேலூர் சிஎம்சி தொலைதூர முறையில் நடத்தும் படிப்பும் உண்டு. இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும். எச்.ஆர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒரே பெயர்தான்.

கோவை நேர்காணலில் நடந்தது இது. "மேடம், நீங்க எம்.டி. ஜெனரல் மெடிசினா?" "இல்லீங்க, டிஎன்பி ஃபேமிலி மெடிசின்." அவர் லேப்டாப்பில் ஏதோ ஒரு பட்டியலைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார். "அப்ப எம்பிபிஎஸ் ஸ்கேல்லதானே வரும்?" அந்தப் பட்டியலில் இரண்டே பெட்டிகள். ஒன்று டூட்டி டாக்டர், இன்னொன்று கன்சல்டன்ட். டூட்டி டாக்டர் என்றால் ஷிஃப்ட், கேஷுவால்டி, வார்டு, ராத்திரி அழைப்பு. மாதம் ஐம்பது அறுபதாயிரம். கன்சல்டன்ட் என்றால் கதவில் பெயர்ப்பலகை, ஓ.பி., பங்கு. நான் இரண்டாவது பெட்டியில்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு வாரம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் மினிமம் கேரண்டி, அதாவது எத்தனை பேர் வந்தாலும் மாதம் 90,000. அதற்குப் பிறகு ஓ.பி. கட்டணத்தில் எனக்கு 70, மருத்துவமனைக்கு 30.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேப்பரில் போட்டுப் பாருங்கள். அங்கே கன்சல்டேஷன் 300 ரூபாய். என் பங்கு 210. மாதம் 26 நாள் வேலை. கேரண்டி முடிந்த பிறகும் அதே 90,000 வர வேண்டுமானால் தினமும் காசு கட்டிய 17 பேரை நான் பார்க்க வேண்டும். வந்ததோ சராசரியாகப் பன்னிரண்டு பேர். அதாவது 65,000 சொச்சம்.

ஏன் பன்னிரண்டு? ஊரில் நோயாளிகள் இல்லாமல் இல்லை. ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண், வந்திருப்பது குழந்தை என்றால் குழந்தை மருத்துவருக்குச் சீட்டுப் போடுவாள். சர்க்கரை என்றால் டயபடாலஜிஸ்ட், மூட்டுவலி என்றால் ஆர்த்தோ. "எதுன்னு தெரியல, ரெண்டு நாளா காய்ச்சல்" என்பவர்தான் எனக்கு. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அந்த மருத்துவமனையில் ஏழு நாளுக்குள் ரிவியூ, அதாவது அதே நோய்க்கு மறுபடி வந்து காட்டுவது, இலவசம். அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு இதில் நஷ்டமில்லை, அவர் வருமானம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிறது. நம் தொழிலோ பாதிக்கு மேல் ரிவியூதான். பிரஷர் மாத்திரையை மாற்றினால் அஞ்சாம் நாள் பார்க்க வேண்டும், காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மூன்றாம் நாள் பார்க்க வேண்டும். தினமும் இருபது பேருக்கு மேல் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு பேருக்குக் கணக்கு வாங்குவது இப்படித்தான்.

அதனால் ஜூனியர்களிடம் நான் சொல்வது: எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் நோயாளி யாருடையவர் என்று கேளுங்கள். கவுண்டரில் சீட்டுப் போடுவது யார், எந்த முறையில்? சர்க்கரை, பிரஷர் நோயாளியைத் தொடர்ந்து நீங்கள் பார்க்கலாமா, ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பெஷலிஸ்டிடம் தள்ள வேண்டுமா? ரிவியூ எத்தனை நாள் இலவசம்? கதவில் என்ன போடுவார்கள்? 'குடும்ப மருத்துவர்' என்று போடச் சொல்லுங்கள். 'ஜெனரல் பிசிஷியன்' என்று போட்டுவிட்டால் பக்கத்து அறை எம்.டி.யோடு ஒரு மௌனச் சண்டை தொடங்கும், அதில் நமக்கு லாபம் இல்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்துவரும் ஆட்களை யார் பார்ப்பது என்றும் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு நாம் தேவைப்படுவதே அதற்குத்தான். அந்தப் பேக்கேஜில் தலைக்கு இவ்வளவு என்று உங்களுக்கு ஒரு தொகை எழுதி வாங்கலாம். நான் வாங்கினேன், 65,000 கொஞ்சம் மேலே ஏறியது.

கைக்கு வருவது பற்றியும் தெளிவாக இருங்கள். கன்சல்டன்ட் என்று எடுத்தால் அது சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே, பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். 90,000 என்பது வங்கியில் 81,000. பி.எஃப். கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, அம்மை போட்டுப் படுத்தால் அந்த வாரம் பூஜ்யம். ஆனால் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் உத்தேச வருமானப் பிரிவில் (1961 சட்டத்தில் 44ஏடிஏ), 50 லட்சத்துக்குள் வரவு உள்ள மருத்துவர் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். வருடம் 10,80,000 வந்தால் 5,40,000-தான் கணக்கு. அதற்குப் புதிய வரிமுறையில் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை, பிடித்த 1,08,000 முழுவதும் திரும்பி வரும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் வரும். முதல் வருடம் அந்தப் பணம் உங்களிடம் இருக்காது என்று வைத்துக்கொண்டே வீட்டு வாடகையும் கார் லோனும் முடிவு செய்யுங்கள்.

அரசு வேலை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தேர்வு எழுதி உதவி மருத்துவராகச் சேர்ந்தால் 56,100-இல் தொடங்கும் நிலை 22 ஊதியம், அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. நாம் படித்த படிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் குடும்ப மருத்துவர் என்று அங்கே தனிப் பதவி இல்லை, நேற்று ஹவுஸ் சர்ஜன்சி முடித்தவரும் நீங்களும் ஒரே வரிசை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பிராக்டிஸ் செய்யலாம் என்பது பெரிய விஷயம். என் பேட்ச் தோழி ஒருத்தி காலையில் பிஎச்சி, சாயங்காலம் சொந்தக் கிளினிக் என்று வைத்து, கடன் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறாள். தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் ஒப்பந்த வேலையும் வருகிறது. மாதம் 60,000. அந்த விளம்பரத்தில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நான்கிலிருந்து எட்டு. கிளினிக் ஓடும் நேரமே மாலை ஆறிலிருந்து ஒன்பதுதான். அறுபதாயிரத்துக்கு அந்த நேரத்தைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டால் சரி.

இனி கிளினிக்.

தாராபுரம் என் அம்மா ஊர். முகத்தைப் பார்த்து "நீ இன்னார் பேத்திதானே" என்று கேட்கும் ஊரில் தொடங்குவது நல்லது, காசு வாங்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்றாலும். பத்து மாத வாடகை அட்வான்ஸ், மேசை நாற்காலி, பெட், ஆட்டோகிளேவ், நெபுலைசர், ஒரு ஈசிஜி மெஷின், யுபிஎஸ், தடுப்பூசிக்குத் தனி ஃபிரிட்ஜ். ஈசிஜி மெஷின் வாங்கப் பலரும் தயங்குவார்கள், தயங்காதீர்கள். முதலில் போட்ட காசை எடுத்துக் கொடுத்தது அதுதான்.

காகித வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1997-ஆம் வருடத்து மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும், 2018-இல் விதிகள் வந்த பிறகு ஒற்றை அறை கிளினிக்குக்கும் இது உண்டு. மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பம். ஊசி, பஞ்சுக் கழிவை எடுத்துப்போக மாவட்டத்தின் பொதுக் கழிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம். மாத்திரை நீங்களே கொடுப்பதாக இருந்தால், உங்கள் நோயாளிகளுக்கு மட்டும், கடை போடாமல் கொடுக்கும்வரை மருந்து விற்பனை உரிமம் வேண்டாம். மருந்து விதிகளின் கே அட்டவணை அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் உரிமம் உள்ளவரிடம் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெயர்ப்பலகையைப் பக்கத்து மெடிக்கல் ஷாப் மேல் மாட்டக் கூடாது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருடத்து நடத்தை விதிகள் அதைச் சொல்கின்றன, ஊரில் பாதிப் பேர் மாட்டித்தான் இருக்கிறார்கள்.

மாதச் செலவு, வாடகை, உதவிக்கு ஒரு பெண்ணின் சம்பளம், கரண்ட், கழிவு வண்டி எல்லாம் சேர்த்து 27,000 சுற்றி வந்தது. கட்டணம் 150 வைத்தேன். நாளைக்கு ஏழு பேர் வந்தால் செலவுக்குக் கட்டும், எட்டாவது ஆள்தான் எனக்கு. முதல் சில மாதங்கள் நாலு பேர், அஞ்சு பேர். காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் அரை நாள் வேலை வைத்திருந்ததால்தான் சமாளித்தேன். கல்விக் கடன் இருப்பவர்கள் நேரே கிளினிக் போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால். வீட்டுச் செலவை ஒரு வருடமாவது வேறு ஒன்று தாங்க வேண்டும்.

அதே தெருவில் இருந்த பெரிய டாக்டர் நூறு ரூபாய்க்கு ஊசி, மூன்று வேளை மாத்திரை எல்லாம் கொடுத்துவிடுவார். நான் 150 வாங்கிக்கொண்டு ஊசி போடாமல் அனுப்புகிறேன் என்று பேச்சு வந்தது. ஒரு ஆத்தா கால் ஓய்ச்சல் என்று வந்தார். சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும், மாத்திரை போட்டால் போடுவார், இல்லை என்றால் இல்லை. பரிசோதித்து மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஊசி போடலியா கண்ணு? அப்பறம் எதுக்கு நூத்தம்பது?"

"செருப்பைக் கழட்டுங்க ஆத்தா, காலைப் பார்த்திட்டுச் சொல்றேன்" என்றேன். குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி. தோலை லேசாக விலக்கினால் வேலாமுள், முறிந்து உள்ளே இருந்தது. சுற்றிச் சிவந்திருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டால் "குத்துச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். முள்ளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினேன். டியூனிங் ஃபோர்க்கைக் கட்டை விரலில் வைத்தேன், அதிர்வு தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றால் வலி தெரியாது, வலி தெரியாத காலைத்தான் பிறகு வெட்ட வேண்டி வருகிறது என்று சொன்னேன். நூற்றைம்பதை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தங்கச்சியைக் கூட்டி வந்தார், பிறகு மருமகன், பிறகு பேத்தியின் தடுப்பூசி. "பாதத்தைத் தூக்கிப் பாக்கற டாக்டரம்மா" என்று அந்தத் தெருவில் எனக்குப் பெயர்.

குடும்ப மருத்துவத்தின் வருமானம் வருகிற வழி இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைல் வைத்தேன், ஆளுக்கு ஒன்று அல்ல. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நூறு வீட்டு ஃபைல் சேர்ந்தால் மாதாமாதம் வர வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். கேணியில் ஊற்று ஏறுவது மாதிரி மெதுவாகத்தான் ஏறும், ஆனால் கோடையிலும் அடி காயாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை அரசில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டு வாசலுக்கே வருகிறது. இதனால் பிராக்டிஸ் போய்விடும் என்று சில கிளினிக்காரர்கள் புலம்புவார்கள். நான் என் நோயாளிகளிடம் "மாத்திரையை அங்கேயே வாங்கிக்குங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா என்கிட்ட வாங்க" என்கிறேன். மாத்திரையில் கிடைக்கும் லாபம் போகும். ஆள் நிற்பார்.

கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வருமானம் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் போனால் அது பொய்க் கணக்கு. கிளினிக் திறந்த கொஞ்ச நாளில் ஸ்கேன் சென்டர் ஆள் வந்தார். "மேடம், மத்த டாக்டர்ஸுக்குக் கொடுக்கறதுதான்" என்று கவரை மேசையில் வைத்தார். மேலே சொன்ன அதே 2002 விதிகளில் 6.4 இதைத் தடுக்கிறது. நான் கவரைத் திருப்பிக் கொடுத்து, எனக்குக் கொடுப்பதை நோயாளி பில்லில் குறைத்துவிடுங்கள் என்றேன். குறைத்தார்கள், என் சீட்டைக் கொண்டு போனால் தள்ளுபடி என்று ஊருக்கும் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்ல வருவது என் நேர்மையைப் பற்றி அல்ல. ஒரு சீனியர் "கிளினிக்கில் மூணு லட்சம் சாதாரணமா வரும்" என்று சொன்னால், அதில் கன்சல்டேஷன் எவ்வளவு, மருந்து எவ்வளவு, கவர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்தத் தொகையை உங்கள் எதிர்பார்ப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. முதலமைச்சர் காப்பீடானாலும் ஆயுஷ்மான் பாரத் ஆனாலும் ஐந்து லட்சம் வரை கொடுப்பது படுக்கையில் சேர்ந்தால்தான். ஓ.பி.க்கு மக்கள் சட்டைப் பையிலிருந்துதான் எடுத்துத் தருகிறார்கள். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்திருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அரசு வருடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறது, அவர் வந்தாலும் வராவிட்டாலும். நமக்கு ஆள் நன்றாக இருந்தால் வருமானம் குறைவு. இந்த அமைப்பு மாறும்வரை நம் தொழிலின் உச்சவரம்பு ஊர்க்காரர் கூலியோடு கட்டப்பட்டிருக்கும்.

துணை வருமானத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மில் விசிட். திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளும் ஸ்பின்னிங் மில்களும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் டாக்டரைத் தேடுகின்றன, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆடிட்டில் அதைக் கேட்கிறார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மாதம் இருபதாயிரம் போல வரும். தொழிற்சாலை மருத்துவத்தில் ஏஎஃப்ஐஎச் என்ற மூன்று மாதப் படிப்பு இருக்கிறது, சென்னையிலேயே படிக்கலாம். பெரிய ஆலைகளில் முழு நேர வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கன்சல்டேஷன் ஆப்களில் சேர்ந்து பார்த்தேன், ஒரு அழைப்புக்குத் தருவது டீச்செலவுக்குத்தான் ஆகும்.

இன்றைய நிலவரம்: கட்டணம் 200. நாளைக்கு முப்பத்தைந்து பேர் வரை. மாதம் 1,80,000 சுற்றி வரவு, இரண்டு பேர் சம்பளம், வாடகை, மற்றது எல்லாம் 50,000 தாண்டும். 1,30,000 நிற்கும், மில் விசிட் தனி. என் பேட்ச் ரேடியாலஜி நண்பன் முதல் மாதமே இதைவிட அதிகம் வாங்கினான். காலை ஒன்பதரையிலிருந்து ஒன்று, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பது, ஞாயிறு காலையும் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ரிப்போர்ட்டை நீட்டுவார். இவற்றோடு சேர்த்துத்தான் அந்தத் தொகை.

முதல் வேலை தேடுபவர்களுக்கு ஒப்பந்தம் பற்றி. வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் அக்ரிமென்ட்களில் பாதியில், "வேலையை விட்ட பிறகு இத்தனை கிலோமீட்டருக்குள் கிளினிக் வைக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வேலையில் இருக்கும்போதே சாயங்காலக் கிளினிக் வைக்கக் கூடாது என்று இருந்தால் அது வேறு, அதைப் பேசி எடுக்கப் பாருங்கள். நோட்டீஸ் மூன்று மாதம் என்றால் ஒரு மாதமாக்கச் சொல்லுங்கள். கேரண்டி முடியும் தேதி எழுத்தில் இருக்கட்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னால், காட்டிவிட்டு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.